எந்த நாட்டுக்காரர் என்று கேட்காமல்

டென்னிஸ் ரசிகர் ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறார். டேவிஸ் கோப்பை, ஒலிம்பிக் போன்றவை நீங்கலாக ஆட்டக்காரர் நாட்டு அணிக்காக ஆடுவதில்லை. மணிக்கணக்கில் களத்தில் நிற்பவரின் குணமும் மறைவதில்லை: நடுவரிடம் பேசும் தொனி, பந்து பொறுக்கும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம், தோற்றபின் வலையருகே நீட்டும் கை. பெங்களூரின் ஈஜிபுராக்காரர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஃபெடரருக்காகத் தூக்கம் கெட்டது இதனால்தான். அதில் தேசப்பற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆடுபவர்களும் அப்படித்தான்: கர்நாடகத்தின் ரோகன் போபண்ணா 2010 அமெரிக்க ஓப்பன் இரட்டையர் இறுதியை எட்டியது பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியோடு சேர்ந்து. பிரையன் சகோதரர்களிடம் தோற்றாலும், இரு நாடுகளின் ஐ.நா. தூதர்களையும் ஒரே அரங்கில் அமர்ந்து கைதட்ட வைத்தது அந்த இணை. 2024இல், 43 வயதில், போபண்ணா ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றது ஆஸ்திரேலியரான மேத்யூ எப்டனுடன்.