தறிச்சொல்லுக்கு யார் பொறுப்பு?

புதுவை முத்தியால்பேட்டை என்றால் இலக்கியம் படித்தவர்களுக்குக் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பும் பாரதியும்தான் நினைவுக்கு வருவார்கள். அது நெசவாளர் பேட்டை என்பது பிறகுதான். ‘நூல்’ என்ற சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவானது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்த நூலுக்குக் கஞ்சி போட்டவர், தார் சுற்றிய பெண் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதி வைப்பதில்லை. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா ஆகியவற்றை வெறும் கருவிப் பெயர்களாக நினைப்பதில்தான் கோளாறு. பழைய பாவின் நுனியில் புதிய பாவைப் பிணைப்பது என்று நெசவாளர் சொல்லும்போது அதில் ஒரு வேலைமுறை, அதற்கான பொறுமை, கூட நிற்க வேண்டிய ஆள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. சேலத்துப் பக்கம் ‘பாவடி’ தெருப்பெயராகவே நிற்கிறது: நூலை நீட்டிக் கட்ட ஊர் தனக்குள் இடம் ஒதுக்கிய வரலாறு அது.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். அது பெரும்பணிதான். ஆனால் பொருள் தெரிவது வேறு, புழக்கம் தெரிவது வேறு. 1992இல் வந்த க்ரியா அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேர்த்தது அதனால்தான். 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதி தந்த கி. ராஜநாராயணன் இன்னும் ஒருபடி கீழிறங்கி, சம்சாரியின் வாயிலிருந்தே சொல்லை எடுத்தார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தவர், 2021இல் மறையும்வரை நம் ஊரிலேயே இருந்தார். அவரைக் கொண்டாடிய அளவுக்கு அவர் முறையை நாம் கைக்கொண்டோமா?

தறியே போகிறது, சொல் எதற்கு என்பது வலுவான கேள்வி. தொழிலோடு சொல்லும் போய்விடும் என்ற கணக்கு பாதிதான் சரி. தறியைக் கண்ணால் பாராதவரும் ‘ஊடும் பாவுமாக’ என்று எழுதுகிறார். ஆட்சி மாறினாலும் இதே கதைதான்: பிரெஞ்சுக்காரர் 1954இல் போனார்கள், கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறது, பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் வீட்டைச் ‘சொல்தா’ வீடு என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. இவற்றைக் கலப்பு என்று ஒதுக்கும் தனித்தமிழ் அன்பர்களிடம் ஒன்று சொல்லலாம்: பதிவு செய்வது பரிந்துரைப்பதாகாது.

அடுத்த இதழ் முதல் இரண்டு பக்கங்களை இத்தகைய வழக்குச் சொற்களுக்கு ஒதுக்குகிறோம். சொல்லை மட்டும் அனுப்ப வேண்டாம். எந்த வேலையின் நடுவில், யார் யாரிடம் சொன்னது என்று வாக்கியத்தோடு எழுதுங்கள்.