‘ஏ’ எங்கே முதல், எங்கே கடைசி?

ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் குறிப்பதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் சொற்கள் பல. லெவல், கிறேட், ஸ்ரேஜ், செற், ரியர் என அவை நீண்டு செல்லும. எமது வீடுகளிலோ இவை அனைத்துக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான் வழங்குகின்றது: தரம். தமிழில் தரம் என்பது வகுப்பையும் குறிக்கும், சிறப்பையும் குறிக்கும். ‘மட்டம்’ என்று சொல்லிப் பார்த்தாலும் அதே சங்கடமே. இதனாற்றான், நிற்கும் படியைச் சொல்லவந்த ஒரு சொல் பிள்ளையின் மதிப்பையே சொல்லிவிட்டதாகப் பெற்றோர் மனம் நோகின்றனர். அல்லது காரணமின்றி மகிழ்கின்றனர்.

முதலில் எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தில் முன்னைய காலத்தில் ‘டி’ என்பதே அதி உயர்ந்த பெறுபேறு. அது விசேட சித்தியைக் குறித்தது. எட்டு ‘டி’ எடுத்த பிள்ளையை ஊரே கொண்டாடியது. அந்தச் சான்றிதழோடு இந்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இங்கே ‘டி’ என்பது ‘சி’க்கும் கீழான பெறுபேறு. ஆதலால், பழைய சான்றிதழை வேலைக்கோ கல்லூரிக்கோ சமர்ப்பிப்போர், எழுத்தின் பொருளை விளக்கும் குறிப்பையும் உடன் இணைப்பது அவசியம்.

‘ஏ’ எழுத்தும் அவ்வாறே. ஏ லெவல் பரீட்சையில் ‘ஏ’ உயர்ந்தது. ஆனால் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டிராத பிள்ளைகளின் மொழித் தேர்ச்சியைப் பதியுமாறு கல்வித் திணைக்களம் 2016இல் இங்கிலாந்துப் பாடசாலைகளைக் கேட்டபோது வகுத்த அளவுகோலில், ‘ஏ’ என்றால் ஆங்கிலத்துக்குப் புதியவர். ‘ஈ’ என்றால் சரளமானவர். அக்கட்டாயம் 2018இல் நீக்கப்பட்ட பின்னரும் பல பாடசாலைகள் தமது தேவைக்கு அவ்வளவுகோலைப் பயன்படுத்துகின்றன. ஆங்கிலத்துக்கு ‘ஏ’ என்று அறிக்கை வந்தால், அது எந்த ‘ஏ’ என்று கேட்டறிந்த பின்னரே இனிப்பு வாங்கப் புறோட்வே செல்லலாம்.

இலக்கங்களும் எம்மை ஏமாற்ற வல்லவை. ஆரம்பப் பாடசாலையின் இறுதியில், ஆறாம் ஆண்டில் நடைபெறும் தேசியப் பரீட்சைக்கு 2016 முதல் 80இலிருந்து 120 வரையான புள்ளி வழங்கப்படுகின்றது. அங்கே 100 என்பது முழுப்புள்ளி அன்று. எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டியமைக்கான புள்ளி மாத்திரமே. 1988இல் முதன்முதலாக நடைபெற்ற ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சையில் எழுத்துகளே வழங்கப்பட்டன. 2017 முதல் படிப்படியாக 9இலிருந்து 1 வரையான இலக்கங்கள் வந்தன. இங்கே 9 உச்சம். 4 சாதாரண சித்தி. 5 திடமான சித்தி. முதலாம் இடம் என்ற எண்ணத்தில் 1ஐக் கண்டு மகிழ்வதற்கு இடமில்லை.

இனி நாம் சொல்ல விரும்புவது பிள்ளையின் எதிர்காலத்தையே தொடும் விடயம். கணிதத்தில் ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சை இரு வகையாக உண்டு. ஒன்று பவுண்டேசன், மற்றையது ஹயர். பவுண்டேசன் என்றால் அத்திவாரம். கேட்பதற்கு உறுதியான சொல்தான். ஆனால் அந்த வினாத்தாளை எழுதும் பிள்ளை எத்துணை திறமையாக எழுதினாலும் 5க்கு மேல் பெற இயலாது. ஏ லெவலில் கணிதம் படிக்கப் பெரும்பாலான கல்லூரிகள் 6 அல்லது 7 கேட்கின்றன. பொறியியலாளராக வேண்டும் என்ற கனவு, அதற்குரிய பரீட்சை மண்டபத்தை அடையும் முன்னரே முடிந்துவிடுகின்றது. எந்த வினாத்தாள் என்பதைப் பாடசாலையே தீர்மானிக்கின்றது. பிள்ளை எந்தச் ‘செற்’றில் இருக்கின்றது என்பது அத்தீர்மானத்தில் பெரும் பங்கு வகிக்கின்றது. ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளை கணக்கில் கெட்டியாக இருந்தும் கீழ்ச் செற்றில் அமர்த்தப்படக்கூடும். பதினோராம் ஆண்டில் கேட்பது காலங்கடந்த கேள்வி. ஒன்பதாம் ஆண்டிலேயே கேட்க வேண்டும்.

பாடசாலையைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குவோருக்குச் சவுத்தாலின் வரலாற்றையே நினைவூட்டுகின்றோம். 1963 ஒக்டோபரில், பீக்கன்ஸ்பீல்ட் வீதிப் பாடசாலையில் இந்தியப் பிள்ளைகள் பெருகிவிட்டனர் என்று வெள்ளையினப் பெற்றோர் முறையிட, கல்வி அமைச்சர் எட்வேர்ட் பொய்ல் நேரில் வந்தார். தனி வகுப்புகள் வேண்டும் என்ற கோரிக்கையை அவர் மறுத்தார். ஆயினும், எந்தப் பாடசாலையிலும் குடியேறியோரின் பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது என்ற கொள்கை உருவாகி, 1965இல் சுற்றறிக்கையாக வெளிவந்தது. அதன் பின் பல ஆண்டுகள் இப்பகுதிச் சிறார்கள் நாள்தோறும் பேருந்தில் ஏற்றப்பட்டு வேற்றூர்ப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று பார்ப்பதற்குப் பதிலாக அதன் பிறப்பே அளவுகோலாயிற்று. இங்குள்ள பெற்றோரும் இளைஞரும் எதிர்த்துக் குரலெழுப்பினர். 1980களின் தொடக்கத்திலேயே அது ஓய்ந்தது. வாய் திறந்தவர்கள் எம்மைப் போலவே ஆங்கிலத்தைப் பின்னர் கற்றவர்கள்தாம்.

பெரியவர்களுக்கும் படிகள் உண்டு. ஈசோல் வகுப்புகளில் என்ட்ரி 1, 2, 3, அதன்பின் லெவல் 1, 2 என வரிசை அமைகின்றது. ஐரோப்பிய அளவுகோலில் என்ட்ரி 3 ஏறத்தாழ ‘பி1’க்குச் சமம். பராமரிப்பு வேலை போன்ற தொழிற்தகைமைகளில் லெவல் 2 என்பது ஜீ.சீ.எஸ்.ஈ. சித்திக்கும், லெவல் 3 என்பது ஏ லெவலுக்கும், லெவல் 6 என்பது பட்டத்துக்கும் ஒப்பானவை. பிரசாவுரிமை கோருவோருக்கு 2013 ஒக்டோபர் 28 முதல் ‘பி1’ ஆங்கிலமும் ‘லைப் இன் த யூகே’ பரீட்சையும் ஆகிய இரண்டும் வேண்டப்பட்டன. ஒன்றை மட்டும் எழுதி முடித்தால் போதும் என்றிருந்த பழைய நிலை அன்றோடு போயிற்று. கல்லூரி தரும் ஈசோல் சான்றிதழும் உள்நாட்டலுவல்கள் அமைச்சு ஏற்கும் பரீட்சையும் ஒன்றல்ல. விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் செலுத்துமுன் அமைச்சின் பட்டியலைப் பார்ப்பதே புத்தி.

ஆகவே வாசகர்களே, எழுத்தோ இலக்கமோ உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த அளவுகோலில் ஆகக் கீழ்ப் படி எது, ஆக மேற்படி எது? இப்போது நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல என்ன செய்ய வேண்டும்? இந்தப் படியில் நிற்பதால் எந்தக் கதவாவது மூடப்படுகின்றதா? பெற்றோர் சந்திப்பில் உரைபெயர்ப்பாளர் தேவையெனின் முன்கூட்டியே பாடசாலைக்கு அறிவியுங்கள். பத்து வயதுப் பிள்ளையையே தன் அறிக்கையை மொழிபெயர்க்கச் சொன்னால், அதற்கு உவப்பான பகுதிகள் மட்டுமே உங்கள் காதுக்கு எட்டும்.