கணனியில் யாரும் பார்க்காத பெட்டி



ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்பது இப்போது சைக்கிள் அல்ல, கணனி. அதுவும் கேம் விளையாடக்கூடிய பலமான கணனி. கடையில் முழுதாகச் செய்து வைத்திருப்பதை வாங்க அவர்களுக்கு விருப்பமில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்துத் தாங்களே பூட்ட வேண்டுமாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால், கையில் பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்கும் இளம் பிள்ளைகளை நீங்களே காணலாம்.

கேம் விளையாடுவது நல்லதா, எவ்வளவு நேரம் விடலாம் என்பது தனியாகக் கதைக்க வேண்டிய விஷயம். வாங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டே இம்மாதம் எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பட்டியலில் உம்மாமார் அவசியம் கண்வைக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது.

பட்டியலின் மேலே கிராபிக்ஸ் கார்ட் இருக்கும். அதன் கீழே புரொசசர், மதர்போர்ட், வர்ண விளக்குகள் மின்னும் கேஸிங். எல்லாவற்றுக்கும் கடைசியில் "பவர் சப்ளை" என்று இரண்டு சொற்கள். காசு இடிக்கும்போது பிள்ளை முதலில் வெட்டுவது அந்தக் கடைசி வரியைத்தான். அது கேமின் வேகத்தைக் கூட்டாது. நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. கேஸிங்குக்குள் ஒரு மூலையில் கிடக்கும் இரும்புப் பெட்டி அது. "கேஸிங் வாங்கினால் பவர் சப்ளை சேர்த்தே தருகிறார்கள், உம்மா" என்று சந்தோஷமாகவும் வந்து சொல்வான்.

அங்கேதான் நீங்கள் "பொறு மகன்" என்று சொல்ல வேண்டும். வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்கக் கூடாது.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

நம் சுவரில் வருவது 230 வோல்ற் மின்சாரம். கணனியின் பாகங்களுக்குத் தேவையானதோ 12 வோல்ற், 5 வோல்ற், 3.3 வோல்ற் என்ற சிறிய அளவுகள். பெரியதை வாங்கிச் சிறியதாக மாற்றி, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது பவர் சப்ளையின் வேலை. கணனியில் இருக்கும் அத்தனை பாகமும் அதன் கையால்தான் சாப்பிடுகிறது.

நல்ல பவர் சப்ளை பழுதானால் பெரும்பாலும் தான் மட்டும் அணைந்துவிடும். மின்னோட்டம் மிஞ்சினால், வோல்ற் ஏறினால், வயர் ஒன்றோடொன்று பட்டால், சூடு கூடினால் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும் காவல்கள் அதற்குள் உண்டு. மலிவானவற்றில் இந்தக் காவல்கள் பெயரளவில்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அது பழுதாகும்போது மதர்போர்ட், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்ட் என்று கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ வெயிலில் உழைத்து அனுப்பிய காசும், நீங்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும் ஒரு நொடியில் கருகிய மணமாகிவிடும்.

பெயருள்ள கம்பனி என்பது மட்டும் போதாது. 2021 இல் உலகப் புகழ்பெற்ற ஒரு கம்பனியின் 750 வாற், 850 வாற் பவர் சப்ளைகளே சோதனையின்போது வெடித்தன. பிறகு அக்கம்பனி குறிப்பிட்ட தொகுதிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆகவே கம்பனியின் பெயரோடு நிற்காமல், வாங்கப்போகும் அந்த மாதிரியைப் பற்றித் திறந்து சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். கேமைப் பற்றி மணிக்கணக்கில் தேடுகிற பிள்ளைக்கு இது பாரமில்லை.

எத்தனை வாற் வேண்டும்?

இது கூட்டல் கணக்குத்தான். நடுத்தரமான ஒரு கேம் கணனியை எடுப்போம். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற கிராபிக்ஸ் கார்ட் 115 வாற் வரை எடுக்கும். அதற்குப் பொருத்தமான சாதாரண புரொசசருக்கு 90 வாற் வைப்போம். மதர்போர்ட், நினைவகம், டிஸ்க், காற்றாடிகள் எல்லாவற்றுக்குமாக 60 வாற். மொத்தம் 265 வாற்.

அப்படியானால் 300 வாற் போதுமா? போதாது. கிராபிக்ஸ் கார்ட் கண் இமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்துக்கு, தன் வழக்கமான அளவை விட இரண்டு மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கும். இடம் விடாமல் வாங்கினால் கேம் நடுவில் கணனி திடீரென அணையும். பத்துப் பேரை நோன்பு துறக்க அழைத்துவிட்டுச் சரியாகப் பத்துக் கோப்பைக் கஞ்சி காய்ச்சுகிறவர் நம்மில் யார்? பதினைந்து கோப்பைக்குத்தான் அரிசி போடுவோம். அதேபோல் இந்தக் கணனிக்கு 550 வாற் வாங்கினால் நிறைவாகப் போதும். கார்ட் தயாரிக்கும் கம்பனி சொல்வதும் அதே 550 தான். 200 வாற் எடுக்கும் 4070 என்றால் 650 வாற்.

ஆனால் பத்துப் பேருக்காக ஐம்பது பேரின் சஹனையும் நாம் வைப்பதில்லை. "ஆயிரம் வாற் வாங்குவோம், பிறகு உதவும்" என்று பிள்ளை சொன்னால் அது வீண்விரயம். 450 வாற் இழுக்கும் 4090 கார்டுக்கே 850 வாற் போதுமென்கிறார்கள். அந்த மேலதிகக் காசை 550 இலேயே தரம் கூடியதை வாங்கச் செலவிடச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது பெரிய பெட்டியல்ல, நல்ல பெட்டி.

ஒட்டியிருக்கும் அட்டவணையை வாசியுங்கள்

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் வாற் அளவை விட்டுவிட்டு, 12 வோல்ற் என்ற பகுதியின் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்தப் பகுதியில்தான். அம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். 45 அம்பியர் என்றால் 540 வாற். அப்படியானால் "550" என்று எழுதியிருப்பது உண்மை. வெளியே "500 வாற்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே 18 அம்பியர் என்றிருந்தால், 12 ஐ 18 ஆல் பெருக்க 216 வாற்தான் வரும். மீதியெல்லாம் பேப்பரில் மட்டும். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற உங்களுக்கு இது பெரிய வேலையல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பெரும்பாலும் பழைய வகை, அல்லது மலிவான வகை. அதை விளையாட்டாக 115 பக்கம் தள்ளிவிட்டு நம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிச்சத்தம்தான் கேட்கும். இப்போதைய நல்லவை 100 முதல் 240 வோல்ற் வரை தாமாகவே ஏற்றுக்கொள்ளும். அவற்றில் இந்தச் சுவிட்ச் இருக்காது.

உத்தரவாதத்தையும் கேளுங்கள். நல்லவற்றுக்கு 5, 7, 10 வருடம் என்று கொடுக்கிறார்கள். ஒரு வருடமும் தரத் தயங்குகிற கடைக்காரர் பொருளைப் பற்றி உங்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறார்.

வெண்கலமா, தங்கமா?

பெட்டியில் "80 பிளஸ்" என்று எழுதி, வெண்கலம், தங்கம் என்று பதக்கம் போட்டிருப்பார்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணனிக்குப் போகிறது என்பதற்கான அளவு அது. அரைவாசிப் பாரத்தில் வெண்கலம் சுமார் 85 வீதம், தங்கம் சுமார் 90 வீதம். மீதி சூடாகப் போய்விடும்.

கணனிக்கு 300 வாற் தேவையென்றால் வெண்கலம் சுவரிலிருந்து 353 வாற் எடுக்கும், தங்கம் 333 எடுக்கும். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினாலும் மாதத்துக்கு மிச்சம் இரண்டரை யுனிட்டுக்கும் குறைவு. "தங்கம் வாங்கினால் கரண்ட் பில் பாதியாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே நான்கு மணித்தியாலம் கணனி ஓடுவதற்கே மாதம் 40 யுனிட் போய்விடும். பில்லைக் குறைக்க விரும்பினால் குறைக்க வேண்டியது விளையாடும் நேரத்தை. பதக்கம் பாதுகாப்புக்கான சான்றிதழும் அல்ல. நன்றாகச் செய்யப்பட்ட வெண்கலம், ஏனோதானோவென்று செய்த தங்கத்தை விட மேல்.

லேசாக ஷொக் அடிக்கிறதா?

கேஸிங்கைத் தொட்டால் கையில் சுரீரென்கிறது என்று பிள்ளை சொன்னால், "செருப்பைப் போட்டுக்கொள்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையின் உள்ளே, மின்சாரத்திலுள்ள இரைச்சலை வடிக்கும் சிறு பாகங்கள் உண்டு. அவை கசியவிடும் மிகச் சிறிய மின்சாரம் ஏர்த் வயர் வழியாக நிலத்துக்குப் போக வேண்டும். ஏர்த் இல்லாவிட்டால் அது கேஸிங்கின் இரும்பிலேயே நிற்கும். தொட்ட கையில் தெரிவது அதுதான். அதைவிடப் பயங்கரம், உள்ளே உண்மையான கசிவு ஏற்பட்டாலும் ட்ரிப் சுவிட்சுக்கு உடனே தெரியாமல் போகலாம். யாராவது தொடும்போதுதான் தெரியவரும்.

ஆகவே மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக மாற்றிச் செருகாதீர்கள். ஏர்த் முனையை உடைக்க விடவே வேண்டாம். பழைய வீடு என்றால், கணனி வருமுன் வயரிங் பாஸை அழைத்து ஏர்த் வேலை செய்கிறதா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரிஜ், அயன் பொக்ஸ், கணனி மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் தொங்கவிடவும் வேண்டாம்.

மின்சாரம் போய் வரும்போது

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதென்று சொல்லி நாடு முழுதும் மின்சாரம் நின்றது. மின்சாரம் போவதை விட, அது திரும்ப வரும் அந்தக் கணம்தான் கருவிகளுக்கு ஆபத்து. மின்சாரம் போனவுடன் சுவரிலே சுவிட்சை அணைத்து, வந்து சில நிமிடம் கழித்துப் போடப் பிள்ளையைப் பழக்குங்கள். இடி முழங்கும் நாட்களில் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

யூ.பி.எஸ். வாங்குவதென்றால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. "650 வீ.ஏ." என்பது 650 வாற் அல்ல. பெரும்பாலும் 360 முதல் 390 வாற் வரைதான் வரும். நாம் பார்த்த கணனியையும் திரையையும் சேர்த்தால் அது கழுத்து மட்டும் பாரம். விளையாடிக்கொண்டே இருக்க அல்ல, ஒழுங்காக அணைக்கும் சில நிமிடத்துக்கே அது என்று பிள்ளைக்குப் புரிய வையுங்கள்.

செய்யக்கூடாத மூன்று

ஒன்று, பவர் சப்ளையைத் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். தூசியை வெளியிலிருந்தே தட்டலாம், ஊதலாம்.

இரண்டு, பழைய பவர் சப்ளையின் கழற்றிப் பூட்டும் வயர்களைப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரே தடவையில் டிஸ்க் எல்லாம் எரிந்துவிடலாம்.

மூன்று, வயரை அரைகுறையாகச் செருகக் கூடாது. 2022 இல் வந்த பெரிய கார்டுகள் சிலவற்றின் செருகிகள் உருகியபோது, முழுதாக உள்ளே போகாததே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

சகோதரிகளே, உறங்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கும் பழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கேஸ் அடுப்பை இரவில் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம். அந்த வரிசையில் கணனியின் சுவர்ச் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். விளையாடும் உரிமையோடு வீட்டைக் காக்கும் அமானிதமும் சேர்ந்தே வரட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.