வாளாவிருத்தல் இசைவாமோ?

பெயரும் முகவரியும் இல்லா விளம்பரத் தாள்கள் நெதர்லாந்து நாட்டு இல்லங்களில் வந்து குவிந்தவண்ணம் இருந்தன. ‘வேண்டா’ என அஞ்சற்பெட்டியில் ஒட்டிவைக்காத ஒவ்வொருவரும் அவற்றை விரும்பியவராகவே கொள்ளப்பட்டனர். வாளாவிருந்தவனை இசைந்தவன் என்பது எவ்வூர் முறைமை? படியாத தாளைக் குப்பையிற் கொட்டும் தொல்லையும் அதை அள்ளும் செலவும் இல்லத்தார் தலையில், ஊதியமோ வணிகனுக்கு!

2018 சனவரி முதல் நாள் ஆம்சுடர்டாம் நகராட்சி இதனைத் தலைகீழாக்கியது. ‘வேண்டும்’ என ஒட்டியவர்க்கே விளம்பரத் தாள் என்றது. விலையில்லா வட்டாரச் செய்தியேடுகளை மட்டும் அது தடுக்கவில்லை. அறிந்து செய்த விலக்கு அது. அச்சகத்தாரும் பரப்புவோரும் வழக்காடினர். (கேளாதவர் வாயிலில் கொட்டித்தான் ஒரு தொழில் வாழவேண்டுமாயின், அதற்காக நாம் வருந்துவதற்கில்லை.) 2021இல் அந்நாட்டு உச்ச வழக்குமன்றம் நகராட்சியின் ஆணை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.