காப்பி அடிக்கட்டும், கதவைப் பூட்ட வேண்டாம்!

2025 அக்டோபரில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி எக்ஸ்ஆர் என்ற ஹெட்செட்டை வெளியிட்டது. அந்த வாரம் முழுவதும் எங்கள் அலுவலக கேன்டீனில் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. "இது ஆப்பிளின் விஷன் புரோவைப் பார்த்து அப்படியே அடித்த காப்பி" என்றது ஒரு கட்சி. "ஆப்பிள் மட்டும் எல்லாவற்றையும் சொந்தமாகவா கண்டுபிடித்தது?" என்றது எதிர்க்கட்சி. நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இருவருமே தவறான கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இப்போதுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம், இந்தச் சண்டையில் நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த சில மாதங்களில் பையனோ பெண்ணோ "அப்பா, வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குக் கணிசமான பணம் போகும். எதைப் பார்த்து வாங்குவது என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக வி.ஆர்., என்பது கம்ப்யூட்டர் உருவாக்கிய காட்சிக்குள் நாமே போய் நிற்பது போன்ற உணர்வைத் தருவது. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்று வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைப் புரிந்துகொள்கிறது. ஹெட்செட் செய்வதும் இதையேதான். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம், நடுவே லென்ஸ். நீங்கள் தலையைத் திருப்பினால் சென்சார்கள் அதை உணர்ந்து படத்தையும் திருப்புகின்றன.

இந்த யோசனை கம்ப்யூட்டரைவிட மிகப் பழையது. 1838-ல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன் கண்ணாடிகளை வைத்து ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியைப் பற்றி எழுதினார். 1849-ல் டேவிட் ப்ரூஸ்டர் அதையே லென்ஸ் வைத்துக் கையடக்கமாக்கினார். 1861-ல் அமெரிக்காவின் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் இன்னும் மலிவான வடிவம் ஒன்றைச் செய்தார். ஆனால் அதற்குப் பேடண்ட் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். அந்த வடிவம் அமெரிக்காவில் வீடு வீடாகப் பரவியது.

ஆகவே, எல்லா ஹெட்செட்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று ஆச்சரியப்பட வேண்டாம். மூக்குக்கு மேலே, காதுக்கு முன்னே, இரண்டு லென்ஸ், ஒரு பட்டை. இந்த வடிவத்தைத் தீர்மானித்தது நம் முகம். செருப்புக்கடையில் எல்லாச் செருப்பும் கால் வடிவத்தில் இருப்பதைப் பார்த்து யாரும் காப்பி என்று சொல்வதில்லையே!

யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?

இன்றைய போட்டி 2012-ல் ஆரம்பித்தது. பால்மர் லக்கி என்ற இளைஞரின் ஓக்குலஸ் நிறுவனம் ரிஃப்ட் என்ற ஹெட்செட்டுக்காகப் பொதுமக்களிடம் 2,50,000 டாலர் கேட்டது. சுமார் 24 லட்சம் டாலர் குவிந்தது. அவர்களின் சூத்திரம் எளிமையானது. ஸ்மார்ட்போன் பெருகியதால் மலிவாகிவிட்ட சின்ன ஸ்கிரீனை எடு. சாதாரண லென்ஸை வை. அந்த லென்ஸால் படம் வளைந்து தெரியும். அதைச் சரிசெய்ய, படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்பும்படி சாஃப்ட்வேரில் எழுது. விலை உயர்ந்த லென்ஸின் வேலையைப் புரோகிராம் செய்துவிட்டது.

2014 மார்ச்சில் ஃபேஸ்புக் இந்த நிறுவனத்தை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதுவரை ஓக்குலஸுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த வால்வ் நிறுவனம் போட்டியாளராக மாறி, எச்.டி.சி.யுடன் சேர்ந்து வைவ் ஹெட்செட்டைத் தயாரித்தது. ரிஃப்ட் 2016 மார்ச் 28-ல் வந்தது, வைவ் ஏப்ரல் 5-ல் வந்தது. இரண்டிலும் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080 x 1200 பிக்ஸல், நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும் ஸ்கிரீன். எண்கள்கூட ஒன்றே!

வித்தியாசம் கையில் இருந்தது. வைவ் வாங்கினால் இரண்டு கைக்கும் கன்ட்ரோலர் கிடைத்தது. ரிஃப்ட்டில் வழக்கமான கேம்பேட் மட்டும். டிசம்பரில் ஓக்குலஸும் டச் என்ற கைக் கன்ட்ரோலர்களை 199 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. இங்கே யாருடைய பாதை யாரை இழுத்தது என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்கு முக்கியமாகத் தெரிவது விலைப் பட்டியல்தான். 2016 டிசம்பரில் ரிஃப்ட்டும் டச்சும் சேர்த்து 798 டாலர். 2017 அக்டோபரில் அதே இரண்டும் 399 டாலர். 799 டாலர் வைவ், 2017 ஆகஸ்டில் 599 ஆனது. பத்தே மாதத்தில் பாதி விலை! பக்கத்துக் கடைக்காரர் அதே பொருளை விற்கும்போதுதான் இப்படி நடக்கும்.

அடுத்த காப்பியைப் பாருங்கள். வைவுக்கு அறையின் மூலையில் இரண்டு பெட்டிகளை மாட்ட வேண்டும். ரிஃப்ட்டுக்கு மேஜைமேல் சென்சார் வைக்க வேண்டும். 2017-ல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுகள், கேமராவை ஹெட்செட்டிலேயே பொருத்தி இந்தத் தொல்லையை ஒழித்தன. 2019-ல் ஓக்குலஸ் குவெஸ்ட், எச்.டி.சி.யின் வைவ் காஸ்மோஸ், 2023-ல் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 என்று வரிசையாக எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். சுவரில் ஆணி அடிக்கும் வேலை நமக்கு மிச்சமானது.

ஆப்பிளும் விலக்கல்ல. விஷன் புரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. கண்ணால் பார்த்து, இரு விரலைச் சேர்த்துக் கிள்ளினால் கிளிக். அருமையான ஏற்பாடு. ஆனால் விரலைக் கிள்ளும் சைகை 2019 கடைசியிலேயே குவெஸ்ட்டில் இருந்தது. கண் அசைவை அறியும் வசதி சோனியின் ஹெட்செட்டில் இருந்தது. ஆப்பிள் இரண்டையும் சேர்த்து மெருகேற்றியது. முன்பக்கம் வளைந்த கண்ணாடி, பேட்டரி தனியே வயரில், கண்ணும் விரலுமாக இயக்கம் என்று அதே அமைப்பைப் பின்பற்றி சாம்சங் 1,799 டாலருக்குக் கொடுத்தது. ஏறக்குறைய பாதி விலை. நான் இதற்காகக் கோபப்பட மாட்டேன்.

அப்படியானால் திருட்டே கிடையாதா?

உண்டு. கோடும் உண்டு. 2014-ல் ஜெனிமேக்ஸ் என்ற கேம் நிறுவனம், தன்னிடம் வேலை பார்த்த ஜான் கார்மேக் வழியாகத் தன் உழைப்பை ஓக்குலஸ் எடுத்துக்கொண்டது என்று வழக்குப் போட்டது. 2017 பிப்ரவரியில் ஜூரி 50 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வணிக ரகசியம் திருடப்பட்டது என்ற பெரிய குற்றச்சாட்டை ஜூரி ஏற்கவில்லை. ரகசியம் காப்பதாகப் போட்ட ஒப்பந்தத்தை மீறியது, காப்பிரைட் மீறல் போன்றவற்றுக்குத்தான் தண்டனை. 2018-ல் நீதிபதி தொகையைப் பாதியாகக் குறைத்தார். அந்த ஆண்டு இறுதியில் சமரசமானது.

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கோடு சரியாகவே படுகிறது. நான் எழுதிய கோடை ஒருவர் தூக்கிக்கொண்டு போனால் அது திருட்டு. நான் செய்ததைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து தானே எழுதினால் அது போட்டி.

தானாகவே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2014-ல் கூகுள் கார்ட்போர்டு என்ற அட்டைப்பெட்டி வந்தது. போனைச் செருகினால் வி.ஆர்.! வரைபடத்தை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி அந்த வரைபடத்தின் பேரப்பிள்ளைதான். சில நூறு ரூபாய். ஹாஸ்டலில் அறை அறையாகப் போய்வந்தது. எங்களில் பலருக்கு முதல் வி.ஆர். அனுபவம் அதுதான்.

உண்மையான வில்லன்

பிறகு வேலைக்கு வந்து, முதல் போனஸில் ஒரு ஹெட்செட் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். லென்ஸில் கீறல் இல்லை, பட்டை கிழியவில்லை, ஸ்கிரீன் பளிச்சென்று எரிகிறது. ஆனால் ஆன் செய்ததும் லாகின் கேட்கும். லாகின் சர்வரை அவர்கள் மூடிவிட்டார்கள். இன்று அது என் டிராயரில் தூங்குகிறது. அம்மா எப்போதாவது எடுத்துத் துடைத்துவிட்டு, "இவ்வளவு புதுசா இருக்கே, ஏண்டா போடறதே இல்லை?" என்பார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. முன்பு சொன்ன விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை ஏசர், டெல், எச்.பி., லெனோவா, சாம்சங் என்று பல கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்றன. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட்டில் அது நீக்கப்பட்டது. அப்டேட் செய்தவர்களுக்கு ஹெட்செட் வெறும் பெட்டியானது. 2025-ல் ஒரு பொறியாளர் தனியாக உழைத்து இலவச டிரைவர் ஒன்றை வெளியிட்ட பிறகுதான் அவற்றில் பல மீண்டும் உயிர்பெற்றன. அதுவும் குறிப்பிட்ட வகை கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மட்டும்.

இன்னொன்று. 2016-ல் ரிவைவ் என்ற இலவச சாஃப்ட்வேர், ஓக்குலஸ் கடையில் காசு கொடுத்து வாங்கிய கேம்களை வைவ் ஹெட்செட்டில் ஓட வைத்தது. மே மாத அப்டேட்டில் ஓக்குலஸ் பூட்டுப் போட்டது. ரிஃப்ட் இணைத்திருந்தால்தான் கேம் ஓடும். வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் ஜூன் மாதமே பூட்டு அகற்றப்பட்டது. 2020 அக்டோபரில் புதிதாக வருபவர்களுக்கு ஃபேஸ்புக் அக்கவுண்ட் கட்டாயம் என்றார்கள். எதிர்ப்பு ஓயவில்லை. 2022 ஆகஸ்டில் அதையும் மாற்றினார்கள்.

லென்ஸிலும் பட்டையிலும் ஒருவரை ஒருவர் தாராளமாகப் பார்த்து எழுதும் இந்தக் கம்பெனிகள், கடையிலும் அக்கவுண்டிலும் மட்டும் தனித்தனிக் கோட்டை கட்டுகின்றன. நம் பணத்தை விழுங்குவது அந்தக் கோட்டைதான். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுத வேண்டிய இடமும் அதுவே.

உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி போர்ட் இருக்கிறது. எந்தக் கம்பெனி மவுஸையும் செருகலாம். எல்லோரும் ஒரே அளவை ஒப்புக்கொண்டதால் வந்த சுகம் அது. வி.ஆருக்கும் அப்படி ஒன்று உண்டு. கிரோனோஸ் குழுமம் 2019 ஜூலையில் வெளியிட்ட ஓபன் எக்ஸ்ஆர். இதைப் பின்பற்றி ஒரு கேமை எழுதினால், ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் அடிப்படையிலிருந்து மாற்றி எழுத வேண்டியதில்லை. மெட்டா, வால்வ், எச்.டி.சி., மைக்ரோசாஃப்ட் எல்லோரும் ஏற்றார்கள். சாம்சங் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆரும் ஏற்றது. விஷன் புரோ வந்தபோது ஆப்பிள் தன் வழியே தனி வழி என்று இருந்துவிட்டது. என் கேன்டீன் நண்பர்கள் ஆப்பிளோடு சண்டை போட விரும்பினால் இதற்காகப் போடட்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்

ஒன்று: இது தானாகவே இயங்குமா, கம்ப்யூட்டர் தேவையா? தேவை என்றால் உங்கள் கிராபிக்ஸ் கார்டு போதுமா? வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய சாதாரணக் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் போதாது.

இரண்டு: ஓபன் எக்ஸ்ஆர் உண்டா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியையோ கம்பெனியின் வெப்சைட்டையோ பாருங்கள்.

மூன்று: யாருடைய அக்கவுண்ட் வேண்டும்? அந்தக் கம்பெனி நாளை இந்தத் தொழிலை விட்டுப் போனால் ஹெட்செட் இயங்குமா?

நான்கு: இன்று வாங்கும் கேம்களை நாளை வேறு கம்பெனி ஹெட்செட்டில் போட முடியுமா?

கடைசியாக, வாங்கும் முன் நண்பர் வீட்டிலோ கடையிலோ பத்து நிமிடமாவது மாட்டிப் பாருங்கள். சிலருக்குத் தலை சுற்றும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு உள்ளே இடம் போதாமல் இருக்கலாம்.

இந்தக் கேள்விகளில் இரண்டுக்காவது "இல்லை" என்று பதில் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். யாராவது பார்த்துக் காப்பி அடிப்பார்கள். இன்னும் மலிவாக, ஒருவேளை பூட்டு இல்லாமலும் வரும். அதுவரை உங்கள் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.