எதிர்வீட்டுக் கதவு

வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பிறகு ஃபைஃப் பிரதேசத்தின் முடிவு வந்தது. அதோடு கணக்கு முடிந்துவிட்டது. மிச்சமிருந்த வாக்குகள் எப்படி விழுந்தாலும் 'ஆம்' இனி வெல்லாது. மகள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். பதினாறு வயது. முதல்நாள்தான் பள்ளிச் சீருடையோடு வாக்குச்சாவடிக்கு வந்து, நூலில் கட்டியிருந்த பென்சிலால் வாழ்க்கையின் முதல் புள்ளடியைப் போட்டிருந்தாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமலே பள்ளிக்கூடம் போனாள்.

ஸ்கொட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? ஒரே ஒரு கேள்வி. 2014 செப்டம்பர் 18இல் 'ஆம்' என்றவர்கள் 16 இலட்சத்து 17 ஆயிரத்து 989 பேர், 'இல்லை' என்றவர்கள் 20 இலட்சத்து 1,926 பேர். 44.7க்கு 55.3. 32 உள்ளூராட்சிப் பகுதிகளில் நான்குதான் எங்கள் பக்கம் நின்றன. கிளாஸ்கோ அதில் ஒன்று. ஆனால் நாடு முழுவதும் 84.6 வீதம் பேர் வாக்களித்தபோது கிளாஸ்கோவில் வந்தது 75 வீதம்தான், நாட்டிலேயே ஆகக் குறைவு. வாக்குக் கேட்டு நாங்கள் ஏறி இறங்காத மாடிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே அன்று பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

இந்த வாக்கெடுப்பை நான் நேசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே பிறந்து லண்டனில் வாழ்பவருக்கு இதில் வாக்கில்லை. பொதுநலவாய நாடொன்றின் குடியுரிமை வைத்துக்கொண்டு, வதிவதற்கான அனுமதியோடு இங்கே குடியிருப்பவருக்கு உண்டு. யார் இந்த ஊரில் இருந்து வாழ்கிறாரோ அவரே இந்த ஊர்க்காரர். அகதியாக வந்தவளுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பை எந்த நாடு தரும்?

அப்பா 1977இல் யாழ்ப்பாணத்தில் உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டவர். தனிநாடு கேட்டு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தத் தேர்தலில் 18 இடங்களை வென்றது. ஆறு வருடம் கழித்து, 1983இல், இலங்கை அரசியலமைப்பில் ஆறாம் திருத்தம் வந்தது. அமைதியான வழியில்கூடத் தனிநாடு கேட்பது குற்றமாகியது. இங்கேயோ 2012 ஒக்டோபரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரனும் ஸ்கொட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒரே மேசையில் இருந்து, இந்த வாக்கெடுப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்பா இருந்திருந்தால் அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருப்பார். வியாழக்கிழமை அந்தப் பென்சிலைப் பிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அதனால்தான் தோல்வி இவ்வளவு வலிக்கிறது. வலிக்கு ஓர் எதிரி இருந்தால் கொஞ்சம் இலேசாக இருக்கும். எனக்கு எதிராக வாக்களித்தவர் என் எதிர்வீட்டில் இருக்கிறார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு மாடிக்கு இரண்டு கதவுகள். எதிர்க்கதவு எண்பத்தொரு வயது மூதாட்டியுடையது. எங்கள் வீட்டில் அவரை ஆச்சி என்றே சொல்வோம். நான் இரவு வேலைக்குப் போன காலத்தில் மகளைத் தன் கட்டிலில் படுக்கவைத்தவர். ஓகஸ்டில் துண்டுப்பிரசுரத்தோடு அவர் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு இருத்தினார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் பென்சன் எந்தக் காசில் வரும்?"

"பவுணில்தான். வெள்ளை அறிக்கையில் இருக்கிறது," என்றேன். ஸ்கொட்லாந்து அரசு வெளியிட்ட 670 பக்க அறிக்கை அது.

"லண்டன் பங்குதர மாட்டேன் என்கிறதே."

உண்மைதான். பெப்ரவரியில் பிரித்தானிய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் எடின்பரோவுக்கு வந்து நாணயக் கூட்டு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். லண்டனின் மற்ற இரு பெரிய கட்சிகளும் ஒத்து ஊதின.

"அது வெருட்டு. வென்றால் இறங்கி வருவார்கள்."

"வராவிட்டால்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மாதமே தொலைக்காட்சி விவாதத்தில் 'இல்லை' பக்கத்தின் தலைவர் அலிஸ்டேயர் டார்லிங் அதே கேள்வியைக் கேட்டார். சால்மண்டும் என்னைப் போலவே சுற்றிவளைத்தார்.

பயம் வென்றுவிட்டது, கிழடுகள் பிள்ளைகளின் நாட்டைப் பறித்துவிட்டார்கள் என்று அந்த வாரம் எங்கள் ஆட்களே பேசினார்கள். வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன் லண்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும், 'இல்லை' வென்றால் ஸ்கொட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம் என்று ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் கொடுத்த உறுதிமொழிமீது எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் ஆச்சியைக் கோழை என்று சொல்ல என் வாய் வராது. அவருடைய கணவர் கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய தொழிலாளி. தளம் மூடியபோது வேலை போனது. அதற்குப் பிறகு கேட்ட வாக்குறுதிகளெல்லாம் ஆச்சிக்கு நினைவிருக்கின்றன. அவர் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் பாட்டும் கொடியுமாகத் தெருவை நிறைத்தோம், அந்தக் கேள்வியின் வெற்றிடத்தை நிறைக்கவில்லை.

வெள்ளி மாலை கிளாஸ்கோ ஜோர்ஜ் சதுக்கத்தில் பிரித்தானியக் கொடிகளோடு வந்த கூட்டத்தால் கைகலப்பு. மகளை வெளியே விடவில்லை. சனிக்கிழமை அவளே அங்கு போனாள். தோற்றவர்கள் உணவு வங்கிக்காகப் பொருள்களைக் கொண்டுவந்து குவித்திருந்தார்களாம். வீட்டு அலுமாரியிலிருந்து நாலு ரின்மீனும் அரிசியும் கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்து பசிக்கிறது என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுக் கழுவும் முறை எங்களது. வாளியோடு குனிந்திருந்தபோது எதிர்க்கதவு திறந்தது.

"பிள்ளை எப்படி?"

"அழுதாள்."

கதவு நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எனக்கும் நித்திரை வரவில்லை," என்றார்.

"உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, ஆச்சி."

"தெரியும். அன்றைக்கு உன் முகத்திலேயே தெரிந்தது."

வாளித் தண்ணீர் ஆறியிருந்தது. அவர் வீட்டுக் குழாயிலேயே சுடுதண்ணீர் பிடித்து வந்து, கீழ்ப்படி வரைக்கும் கழுவி முடித்தேன்.