ஆடும் முன்பே வெளியேற்றப்பட்ட அணி

இங்கிலாந்து ரக்பி லீகின் மேல் பிரிவான சூப்பர் லீகில் 2025இல் லண்டன் ப்ராங்கோஸ் இல்லை என்று 2024 அக்டோபரில் அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டார்கள். யாரும் திடுக்கிடவில்லை. இது 2023 அக்டோபரிலேயே எல்லோரும் அறிந்த செய்தி. 2024இல் 27 ஆட்டம், 3 வெற்றி, 24 தோல்வி, பட்டியலில் கடைசி இடம். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு வெளியேற்றம் நியாயமாகத்தான் படும். அந்த அணி எந்த நிலையில் நிறுத்தப்பட்டு ஆட வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிப் படாது.

2023 அக்டோபர் 15. துலூஸ் நகரில் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பின் கிராண்ட் ஃபைனல். லீக் ஆட்டங்களின் முடிவில் ஐந்தாவது இடத்தில் இருந்த லண்டன் அணி, முதலிடம் பிடித்திருந்த ஃபெதர்ஸ்டோனை அரையிறுதியில் அவர்கள் ஊரிலேயே வீழ்த்திவிட்டுப் பிரான்ஸுக்குப் போனது. அங்கேயும் சொந்த மைதானத்தில் ஆடிய துலூஸை 18-14 என்று வென்றது. பயிற்சியாளர் மைக் எக்கிள்ஸின் அணியை அன்று காலைவரை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளத்துக்குச் செலவிட்ட பணத்தில் எதிரணிகளுக்கு அருகில்கூட நிற்க முடியாத அணி அது. மாலையில் அந்த அணி சூப்பர் லீகுக்குத் தகுதி பெற்றுவிட்டது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2025 முதல் யார் மேல் பிரிவில் ஆடலாம் என்பதைத் தீர்மானிக்கப்போகும் புதிய தரப்பட்டியலின் முன்னோட்டம் வந்தது. லண்டனுக்கு 24ஆவது இடம். 20க்கு 8.07 புள்ளி. மேல் பிரிவில் அப்போது இருந்ததோ 12 இடங்கள். ஒரே வருடத்தில் பன்னிரண்டு படி ஏறினால்தான் இருக்க முடியும் என்றால், அது முடியாது என்பதை வேறு வார்த்தையில் சொல்வதுதான். கோப்பையைத் தூக்கிய கை இறங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த 20 புள்ளிகளை இப்படிப் பிரித்திருந்தார்கள். ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத் திறனுக்கு 5, நிதி நிலைக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகத்துக்கு 2.5. களத்தில் வாங்கும் அடியும் போடும் டிரையும் மொத்தத்தில் கால் பங்குதான். அதிலும் மூன்று பருவங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2024இல் லண்டன் எட்டாவது இடத்தில் முடித்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இது அந்த வீரர்களுக்குத் தெரியும். எதிரணிக்கும், டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவருக்கும் தெரியும்.

நமது கோபம் தரப்பட்டியல் என்ற ஏற்பாட்டின் மீதுகூட அவ்வளவு இல்லை. கிளப்களின் கணக்குவழக்கும் மைதான வசதியும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கிளப்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஒரு அணியைப் பருவம் முழுவதும் ஆட வைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2024க்குத் தகுதி உயர்வு உண்டு என்றார்கள். அதை நம்பி ஆடியவர்கள் வென்றார்கள். வென்றவர்களிடம், வாருங்கள், ஒரு வருடம் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போங்கள் என்றால் அது எந்த ஊர் மரியாதை? இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சாப்பாடு மற்றவர்களுக்குத்தான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஒரு வருடம் ஒரு கிளப்பை என்ன செய்யும் என்று யாராவது யோசித்தார்களா? சூப்பர் லீக் தரத்து வீரர் ஒருவரை அழைத்துவர வேண்டும். அவர் வடக்கே தன் ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு, இங்கிலாந்திலேயே வாடகை மிகுந்த நகரத்துக்குக் குடிவர வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் இரண்டாம் வருடம் எந்தப் பிரிவில் என்று கேட்பார். பதில் அவருக்கே தெரியும். ஜெர்சியில் பெயர் போட வரும் விளம்பரதாரரும் அதையேதான் கேட்பார். பருவச் சீட்டு வாங்க நிற்கும் குடும்பமும் அதைத்தான் கேட்கும். ஒரு கேள்விக்கும் நல்ல பதில் சொல்ல முடியாத நிலையில் பிப்ரவரியில் களமிறங்கிய அணி தோற்றது. தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள்.

எப்படியும் கடைசி இடம்தானே, பழைய விதிப்படியும் கீழே போயிருப்பார்கள்தானே என்று கேட்கிறார்கள். சாம்பியன்ஷிப்பை வென்ற வேக்ஃபீல்ட் டிரினிட்டிதான் அந்த இடத்துக்கு வந்தது, எனவே பழைய விதியும் புதிய விதியும் 2024இல் ஒரே விடையைத்தான் தந்திருக்கின்றன என்கிறார்கள். வேக்ஃபீல்டுக்கு அந்த இடம் முழுக்கத் தகும். ஆனால் விடை ஒன்றாக வந்துவிட்டதால் கணக்கும் சரியாகிவிடாது. 2019ஐ நினைத்துப் பாருங்கள். அப்போதும் லண்டன் முந்தைய வருடம்தான் மேலே வந்திருந்தது. 2018 அக்டோபரில் டொராண்டோவில் நடந்த, தகுதி உயர்வைத் தீர்மானித்த மில்லியன் பவுண்ட் ஆட்டத்தில், ஒரு டிரைகூட இல்லாமல் 4-2 என்று வென்று வந்த அணி. அந்த வருடமும் கடைசி இடம் இவர்களுக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே பலர் எழுதிவிட்டார்கள். பயிற்சியாளர் டானி வார்டின் அணி 10 ஆட்டங்களை வென்றது. அந்த ஆண்டின் சாம்பியனான செயின்ட் ஹெலன்ஸையும் வென்றது. கடைசி நாளில் வேக்ஃபீல்டில் ஆடிய ஆட்டத்தை வென்றிருந்தால் தங்கியிருப்பார்கள். 19-10 என்று தோற்றார்கள். ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸுக்கும் அவர்களுக்கும் சம புள்ளி. ஸ்கோர் வித்தியாசத்தில் கீழே போனார்கள்.

அதுவும் வெளியேற்றம்தான். அன்று அழுதவர்கள் உண்டு, நியாயமில்லை என்று சொன்னவர் எவரும் இல்லை. கடைசி நாள் கடைசி நிமிடம்வரை கதவு திறந்திருந்தது. திறந்த கதவைப் பார்த்து ஓடிய அணி 10 ஆட்டம் வென்றது. மூடிய கதவைப் பார்த்து ஓடிய அணி 3 ஆட்டம் வென்றது. இரண்டு அணிகளின் வீரர்களும் வேறு, செலவிட்ட பணமும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் அந்த ஏழு ஆட்டங்களின் வித்தியாசத்தில் கதவுக்குப் பங்கே இல்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024இல் ஹல் எஃப்சியும் 27 ஆட்டங்களில் 3ஐத்தான் வென்றது, 24ஐத் தோற்றது. புள்ளியில் இரண்டு அணிகளும் சமம். ஹல் இருந்தது, லண்டன் போனது. 1865இல் பிறந்த கிளப் ஹல். அதன் ரசிகர்கள் அந்த மோசமான வருடத்திலும் அணியைக் கைவிடவில்லை. அவர்கள் மீது நமக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பிப்ரவரி முதல் செப்டம்பர்வரை ஒரு அணிக்குத் தோல்வியால் எந்த ஆபத்தும் இல்லை, இன்னொரு அணிக்கு வெற்றியால் எந்த லாபமும் இல்லை. இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்துக்குப் போட்டி என்று பெயர் வைப்பது எப்படி?

இந்த ஆட்டம் பிறந்த கதை ஆள்பவர்களுக்கு நினைவிருக்க வேண்டும். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்கள் கூடிப் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சண்டை. களத்தில் உழைத்தவனுக்கு உரியது கிடைக்க வேண்டும் என்று கேட்டதால் உண்டான ஆட்டம் இது. அதன் வாரிசுகள் இன்று களத்தில் சம்பாதித்த இடத்தை மேசையில் வைத்துப் பறிக்கிறார்கள்.

இது முதல் முறை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1995இல் இரண்டாம் பிரிவை வென்றது கீத்லி. சின்ன ஊர், நிறைந்த மைதானம், நாடே பேசிய அணி. இரண்டாம் இடத்தில் பேட்லி. சூப்பர் லீக் அறிவிக்கப்பட்டபோது இரண்டு ஊருக்கும் இடமில்லை என்றார்கள். நான்காவதாக வந்த அணியை மேலே எடுத்துக்கொண்டார்கள். அந்த நான்காவது அணி இதே லண்டன் ப்ராங்கோஸ். இதை மறைக்க நாம் விரும்பவில்லை. அன்று தலைநகரில் ஒரு அணி வேண்டும் என்று விதியை வளைத்தவர்களின் நாற்காலியில் இருப்பவர்கள்தான் இன்று தலைநகர் அணி வேண்டாம் என்று விதி எழுதியிருக்கிறார்கள். கீத்லிக்குச் செய்தது அநியாயம். லண்டனுக்குச் செய்வதும் அநியாயம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

1999இல் ஹன்ஸ்லெட் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தை 12-11 என்று வென்றது. மேலே வர விடவில்லை. 2000இல் ட்யூஸ்பரி 13-12 என்று வென்றது. அவர்களையும் விடவில்லை. ஒற்றைப் புள்ளியில் ஜெயித்த அந்த இரண்டு மாலைகளைப் பற்றி அந்த ஊர்களில் இன்றும் கசப்போடுதான் பேசுவார்கள். அதற்கு முன்பே 1996இல் பாரீஸுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். முதல் ஆட்டத்துக்குப் பதினேழாயிரத்துக்கும் மேல் கூட்டம். இரண்டே பருவம், கடை மூடப்பட்டது. 1999இல் கேட்ஸ்ஹெட் ஒரே ஒரு வருடம் ஆடியது. நன்றாகவே ஆடியது. பிறகு ஹல்லோடு இணைத்துக் கரைத்துவிட்டார்கள். 2009இல் உரிம முறையைக் கொண்டுவந்து வேல்ஸின் க்ரூஸேடர்ஸைச் சேர்த்தார்கள். பிரிட்ஜெண்டில் தொடங்கிய அணி அடுத்த வருடமே ரெக்ஸ்ஹாமுக்குக் குடிபெயர்ந்து, 2011இல் காணாமல் போனது. அந்த உரிம முறையையும் 2014உடன் தூக்கி எறிந்தார்கள். அதன் இடத்தில் இரண்டு பிரிவுகளையும் கலந்து ஆடவைக்கும் ஒரு முறை வந்தது. அதுவும் நான்கு வருடத்தில் போனது.

கனடாவின் டொராண்டோவை யார் மறப்பார்கள்? மூன்றாம் பிரிவில் தொடங்கி மூன்றே வருடத்தில் மேலே ஏறிய அணி. 2020இல் தொற்று பரவியது. தங்கள் ஊரில் ஒரு சூப்பர் லீக் ஆட்டம்கூட ஆட முடியாமல் ஜூலையில் விலகினார்கள். புதிய உரிமையாளரோடு திரும்பி வரக் கேட்டபோது நவம்பரில் வாக்கெடுத்து முடியாது என்றார்கள். ஒரு நாட்டையே இந்த ஆட்டத்துக்கு வெளியே விட்டுப் பூட்டினார்கள்.

முப்பது வருடத்தில் எத்தனை அமைப்பு, எத்தனை விதி! ஒவ்வொரு முறையும் இதுதான் நிரந்தரத் தீர்வு என்ற பேச்சு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஊர் ரசிகர்கள் சனிக்கிழமை மதியம் போக இடமில்லாமல் நின்றார்கள். முடிவெடுத்தவர்களில் ஒருவராவது அதற்குப் பதில் சொல்லிப் பதவி விலகியதாக நமக்கு நினைவில்லை. தோற்ற அணி கீழே போக வேண்டும் என்று விதி செய்பவர்கள், தங்கள் தோல்விகளுக்கு எந்தப் பட்டியலும் வைத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கு 20க்கு எத்தனை புள்ளி?

லண்டன் கிளப்பின் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1980இல் க்ரேவன் காட்டேஜில் விகனை 24-5 என்று வென்று தொடங்கிய அணி, 2024 வரையிலான 44 வருடத்தில் நான்கு பெயர்களில் ஆடியிருக்கிறது. க்ரிஸ்டல் பேலஸ், சார்ல்டன், பிரெண்ட்ஃபோர்ட், ட்விக்கன்ஹாமின் ஸ்டூப், ஈலிங், 2024இல் விம்பிள்டனின் ப்ளவ் லேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. அடிக்கடி வீடு மாறும் அணியின் பின்னால் கூட்டம் எப்படிச் சேரும்? டேவிட் ஹியூஸ் என்ற ஒருவரின் பணம் இல்லையென்றால் எப்போதோ மூடியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஏழை வீட்டில் இருந்துதான் லூயி மெக்கார்த்தி-ஸ்கார்ஸ்புரூக் வந்தார், டோனி கிளப் வந்தார், மைக் மெக்மீக்கன் வந்தார். 2024இல் ஆஸ்திரேலியாவில் நியூகாஸில் அணிக்கு ஆடிய காய் பியர்ஸ்-பால் வந்தார். இவர்களில் பலரை வடக்குக் கிளப்கள் அழைத்துப் போய்ப் பலன் அடைந்தன. இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத தெற்குத் தெருக்களில் இருந்து பையன்களைக் கண்டுபிடித்து வளர்ப்பதற்கு மொத்தப் புள்ளியில் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று ஆள்பவர்களே சொல்லட்டும். ஒளிபரப்பு நிறுவனங்களிடம் பேரம் பேசப் போகும்போது மட்டும் லண்டன் என்ற பெயர் தேவைப்படும்.

கிளப்கள் மீண்டும் கூட வேண்டும். களத்தில் சம்பாதித்ததைக் களத்தில்தான் இழக்கலாம் என்ற பழைய நேர்மைக்கு ஏதாவது ஒரு வடிவில் இடம் தர வேண்டும். என்ன வடிவம் என்பதை அவர்கள் உட்கார்ந்து பேசட்டும். வழி தேடும் மனம் இருந்தால் வழி கிடைக்கும். பழைய முறைக்கு அப்படியே திரும்பச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க முடியாது. வென்று வந்த அணியிடம் முதல் விசில் ஊதும் முன்பே உன் கதை முடிந்தது என்று சொல்லும் நிலை இன்னொரு முறை வரக் கூடாது.

ப்ளவ் லேனில் அந்தப் பருவம் முழுதும் மழையிலும் தோல்வியிலும் வந்து நின்ற அந்தச் சில ஆயிரம் பேரிடம் யாரும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கீழ்ப் பிரிவு ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்க வருபவர்கள் அவர்கள்தான். இனியாவது கேட்டுவிடுங்கள்.